தம்பிக்கு இழுப்பு வந்த காலை

எங்கள் வீட்டில் இழுப்பு வியாதி எனக்கு மட்டும்தான் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மழைக்காலத்தில் நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்துவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது. கஞ்சியும் சுடுதண்ணியும் இருந்த இடத்துக்கே வரும். யாருக்கும் அடங்காத என் மாமன்கூட என் எதிரில் பீடி பற்றவைக்க மாட்டார், வாசலுக்குப் போய்விடுவார்.

இன்றைக்குப் போல வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தெல்லாம் அப்போது எங்கள் வேலம்பாளையத்தில் யாரும் பார்த்ததில்லை. திருப்பூர் டவுனில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவர் கொடுத்த வெள்ளை மாத்திரையும், அதைவிட அவர் போட்ட சட்டங்களும்தான் என்னை நடமாட வைத்தன. புகை ஆகாது. பஞ்சு மெத்தை ஆகாது. மூச்சு முட்டும்போது படுக்கவே கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும். பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டிய அப்பா தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக வருவார். குளித்து வேட்டி மாற்றிய பிறகுதான் என்னைத் தொடுவார். எனக்காக ஒரு வீடே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தது என்றால், ஒன்பது வயதில் தலை கனக்காமல் என்ன செய்யும்?

அந்த வருஷம் தைப்பூசத்துக்குச் சித்தி குடும்பத்தோடு வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. சித்தப்பாவும் அவருடைய அக்காவும் கூட வந்திருந்தார்கள். சித்தியின் மகனுக்கு அப்போது இரண்டு வயது. விருந்தாளிகளுக்கென்று அப்பா கம்பெனிக் கழிவு நூலையும் பஞ்சையும் அடைத்துத் தைத்து வைத்திருந்த மெத்தையை உள்ளறையில் விரித்தார்கள். அந்த அறைக்குள் நான் மட்டும் போகக் கூடாது. தம்பி அதன்மேல் குதித்து விளையாடி, அங்கேயே தூங்கினான்.

மறுநாள் காலை அம்மாவும் சித்தியும் காதர்பேட்டைக்குத் துணி வாங்கப் போனார்கள். அப்பா கம்பெனிக்குப் போய்விட்டார். தம்பி எழுந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருந்தான். சித்தப்பாவின் அக்கா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“சளி கட்டியிருக்குது. பொகை போட்டுப் போத்திப் படுக்க வெச்சா எறங்கிரும்” என்றார்.

கதவைச் சாத்தி, கரண்டியில் நெருப்பெடுத்துச் சாம்பிராணி போட்டார். எனக்குப் புகை ஆகாதென்று என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பளிக்குள் மல்லாந்து கிடந்த தம்பி முதலில் அழுதான். பிறகு அழுகை நின்றுவிட்டது. “பாத்தியாடா, தூங்கறான்” என்றார் அவர், சித்தப்பாவிடம்.

அவன் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. மூக்கு இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து அடங்கியது. கழுத்துக்குக் கீழே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. அழக்கூட மூச்சு போதாத நிலை அது. எனக்கு அது தெரியும். நான் அங்கே போய்விட்டு வந்தவள்.

சட்டத்தை மீறி உள்ளே ஓடினேன். கம்பளியை உருவிப் போட்டு, அவனைத் தூக்கி என் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டேன்.

“சித்தப்பா, இது சளி இல்லீங்க. இழுப்புங்க. எனக்கு வர்றதேதானுங்க.”

“சும்மா இரு அம்மிணி. அவனுக்கு அதெல்லாம் கெடையாது” என்றார் சித்தப்பா. அவர் முகம் வெளிறியிருந்தது.

அவருடைய அக்கா அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தார். “சீர் தட்டியிருக்குதுடா. மஞ்சளைச் சுட்டு நெஞ்சுல ஒரு சூடு வெச்சாத்தான் கேக்கும்.” அவர் கெட்டவர் இல்லை. குழந்தைக்கு மூச்சு வாங்கினால் அவர் ஊரில் சீர் என்பார்கள், சூடுதான் வைப்பார்கள். தன் அண்ணன் பிள்ளைகளுக்கெல்லாம் அவரே வைத்திருக்கிறார்.

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் என் பேச்சு எடுபடாது என்று அடக்கிக்கொண்டேன். தம்பியின் சட்டையைத் தூக்கினேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

“நீங்களே காதை வெச்சுக் கேளுங்க சித்தப்பா. மூச்சை வெளிய உடறப்போ விசிலடிக்கும். கேக்கலீன்னா நான் பேசாம போயிடறனுங்க.”

ஊரில் பஞ்சாயத்துப் பேசும் அந்தப் பெரிய மனிதர் மண்டியிட்டு மகனின் நெஞ்சில் காதை வைத்தார். நிமிர்ந்து, “அக்கா, மஞ்சளைக் கீழ வெய்யி” என்றார். என்னிடம் திரும்பி, “மாத்திரை வெச்சிருக்கீல்ல, குடு கண்ணு” என்று கெஞ்சினார்.

“என்ற மாத்திரையை வேற கொழந்தைக்குக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நேரா அங்கயே போயிரலாங்க.”

அப்பாவின் பழைய சைக்கிள் வீட்டில் இருந்தது. சித்தப்பா மிதித்தார். பின்னால் நான், தம்பியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி. வழி காட்டியதும் நான்தான். “மெதுவா மூச்சு உடு சாமி, அக்கா இருக்கறனில்ல” என்று என்னிடம் அம்மா சொல்வதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவன் உதட்டோரம் கருநீலமாக மாறியதை மட்டும் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மா வரிசையில் நின்றவர்களை விலக்கி அவனை வாங்கிக்கொண்டார். ஊசி போட்டார். தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துக் குழி அடங்கியது. பிறகு தம்பி வீறிட்டு அழுதான். அப்படி ஓர் இனிமையான அழுகையை நான் கேட்டதே இல்லை.

“யாரு கண்டுபிடிச்சது?” என்று கேட்டார் டாக்டரம்மா. சித்தப்பா என்னைக் காட்டினார். “புகையில இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்தா நான் ஒண்ணும் செய்திருக்க முடியாது” என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் தலையில் கையை வைத்தார். நர்சைக் கூப்பிட்டு, நான் பார்த்ததையெல்லாம் மறுபடி சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். வரிசையில் இருந்த தாய்மார்களும் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

திரும்பி வந்தபோது தெரு முழுக்கச் செய்தி. சித்தி என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சித்தப்பாவின் அக்கா எனக்குத் திருஷ்டி கழித்தார். அந்தத் தம்பி இன்று பேரன் எடுத்துவிட்டான். இப்போதும் விசேஷ வீடுகளில் “என்ற உசுரைக் காப்பாத்துன அக்கா” என்றுதான் என்னைக் காட்டுவான். நானும் வேண்டாமென்று சொல்வதில்லை.

அம்மா மட்டும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் விருந்தாளிகள் ஊருக்குப் போன பிறகு, எனக்குத் தலை பின்னும்போது கேட்டாள்.

“மொதல்ல என்னத்தப் பாத்த கண்ணு?”

சொன்னேன். அடுத்த நாளும் கேட்டாள். சத்தம் மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா? அழுகை நின்றபோது கண் திறந்திருந்ததா? வயிறு தூக்கிப் போட்டதா? என் பெருமையைக் கேட்டு அவளுக்குத் தீரவில்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் கதையை இன்னும் கொஞ்சம் அழகாக்கிச் சொன்னேன். அவள் பின்னலை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

ஒரு நாள், “பொகை போட்டதுக்கு அப்பறந்தான் அதிகமாச்சா?” என்றாள்.

“ஆமாம்மா. வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் மூச்சு முட்டுற கொழந்தைக்குப் பொகை போடுவாங்களா?” என்றேன், டாக்டரம்மாவின் குரலில்.

“போட மாட்டாங்க கண்ணு” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான் என்பதே, எனக்குக் கல்யாணமான பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். நடை பழகிய வயதில், ஒரு மார்கழியில், சளி என்று எல்லோரும் சொன்ன ஏதோ ஒன்றில் போய்விட்டான். கதவைச் சாத்தி அவனுக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தது அம்மாதான்.

ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாளே என்று எனக்குக் குறையாக இருந்தது. சொல்வதற்கு இன்னும் எவ்வளவோ வைத்திருந்தேன்.