சாவி சாரின் பட்டைகள்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவரை எல்லோரும் சாவி சார் என்றுதான் சொல்வோம். எந்த வாக்கியக் கணக்கையும் திறக்க ஒரு சாவிச்சொல் உண்டு என்பது அவர் கொள்கை. 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு. 'மீதி' என்றால் கழி. 'அதிகம்' என்றால் மறுபடியும் கூட்டு. மற்ற வார்த்தைகளை வாசிக்கவே வேண்டாம். முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆளின் கையில் சாக்பீஸையும் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தார்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பிள்ளைகள் "அதிகம்னா கூட்டு" என்று கத்துவது எனக்கு நாள் முழுக்கக் கேட்கும். நான் என் பிள்ளைகளைப் பட்டை வரையச் சொல்வேன். அதிகம் வைத்திருப்பவருக்கு நீளப் பட்டை, குறைவாக வைத்திருப்பவருக்குக் குட்டைப் பட்டை. வரைந்ததும் எதைத் தேட வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். சாவி சார் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"என்ன டீச்சர், செங்கல் அடுக்குறீங்களா? படம் போடத்தான் டிராயிங் வாத்தியார் இருக்காரே."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அவர் நகைச்சுவைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

பெற்றோர் வந்து பாடம் பார்க்கும் நாள் ஒன்று வந்தது. தலைமை ஆசிரியை எங்களையும் சேர்த்து எல்லோரையும் சாவி சார் வகுப்புக்கு அழைத்துப்போனார். இஸ்திரி கலையாத சட்டையில் நின்றுகொண்டு அவர் போர்டில் எழுதினார்: அக்காவிடம் பதினான்கு மணிகள் இருக்கின்றன. அது தம்பியிடம் இருப்பதைவிட ஆறு அதிகம். தம்பியிடம் எத்தனை?

"சாவிச்சொல் என்ன?"

"அதிகம்!"

"அதிகம்னா?"

"கூட்டு!"

இருபது என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். சில அப்பாக்கள் கைதட்டினார்கள். முன்பற்கள் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"சார், அப்போ தம்பிகிட்டதானே நிறைய இருக்கு? நீங்க அக்காகிட்ட அதிகம்னு எழுதியிருக்கீங்க."

"நடுவுல பேசாத. சாவி சொல்றதைச் செய்."

"சாவி பொய் சொல்லுது சார்."

அறையே சிரித்தது. "ஒரு பட்டை போட்டுத்தான் பாருங்களேன் சார்" என்றார் தலைமை ஆசிரியை. சாவி சாரும் போட்டார். அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, இரண்டும் ஒரே நீளம். சிறுமி போய்த் தம்பியின் பட்டையில் ஒரு துண்டைக் கையால் அழித்தாள். அழித்த இடத்தில் ஆறு என்றும், மிச்சப் பட்டைக்குள் எட்டு என்றும் எழுதினாள்.

"கரெக்ட்! யாராவது கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்க்கத்தான் வேணும்னே தப்பாப் போட்டேன்" என்றார் சாவி சார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பிறவி.

பள்ளி விட்டதும் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தனியாக நின்று பட்டை வரைவதும் அழிப்பதுமாக இருந்தார். சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். மனசு கேட்கவில்லை, உள்ளே போனேன்.

"கொஞ்சம் உட்காருங்க சார், நான் சொல்றேன். ரொம்பச் சுலபம்."

"இல்ல டீச்சர், போர்டு நல்லா அழியுதான்னு பார்த்தேன்."

என் இரக்கத்துக்கு அத்தோடு ஆயுள் முடிந்தது.

மறுவாரமே அவர் பட்டைக்குப் பரம பக்தராகிவிட்டார். ஸ்கேல் இல்லாத பிள்ளை வெளியே நிற்க வேண்டும். வண்ணம் கோட்டைத் தாண்டினால் மதிப்பெண் போச்சு. விடை தப்பாக இருந்தாலும் பட்டை நேராக இருந்தால் முழு மதிப்பெண். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பட்டையின் பெருமையைப் பேசினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, பிழைத்தார். ஆசிரியர்களுக்கே பயிற்சி தருபவராக மேலே போய்விட்டார்.

போன விடுமுறையில் அவர் பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். கூடம் நிறைய ஆசிரியர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "சார், எந்தப் பட்டை நீளமா வரணும்னு பிள்ளைங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது?"

"சிம்பிள். கணக்குல யார் பேர் முதல்ல வருதோ, அவங்களுக்கு நீளப் பட்டை."

எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"முதல்ல வர்றவங்ககிட்ட குறைச்சலா இருந்தா என்ன சார் பண்றது?"

என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. "சந்தேகமெல்லாம் டீ டைம்ல கேளுங்க டீச்சர்" என்றார்.

டீ வந்தது. அவர் வரவில்லை.