ஐந்து கலர் பிரிண்ட்

பிரிண்டரிலிருந்து முதலில் வானம் வந்தது. பிறகு கடல். பிறகு எங்கள் பள்ளி நான்காம் வகுப்பு டீச்சரின் முகம், நீச்சல் உடை, முழங்கால். பக்கத்தில் அவர் கணவர், கையில் இளநீர். அலுவலக அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் இரண்டு கையையும் விரித்து மெஷினை மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஜோகுபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு வருடமாக அலுவலக உதவியாளராக இருக்கிறேன். படிப்பு பத்தாவது. ஜெராக்ஸ், தபால், டீ எல்லாம் நான்தான். பெரியவர்கள் பேசும் அறைக்குள் போனால் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவேன். யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால்கூட “பிரின்சிபல் மேடத்தைக் கேளுங்க” என்று நகர்ந்துவிடுவேன்.

எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் டீச்சர்களின் சொந்த போனிலிருந்துதான் போக வேண்டும். எல்லாப் பெற்றோர் நம்பரும் அவர்கள் போனில் இருந்தாக வேண்டும். இந்த டீச்சர் கவனமானவர். வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் பெற்றோர் நம்பர்களுக்குத் தெரியாதபடி ஒவ்வொன்றாக மறைத்துவிடுவார். அந்த வாரம் ஒரு புது அட்மிஷன். தகப்பனாரின் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதி வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். “இன்னைக்கே சேவ் பண்ணிடுங்க மிஸ், மேடம் கேப்பாங்க” என்றும் சொன்னேன். சேவ் செய்தார். சனிக்கிழமை கடற்கரையிலிருந்து படம் போட்டபோது அந்த ஒரு நம்பரை மறைக்க மறந்துவிட்டார்.

ஒரு நாள் போனால் தானாக அழிந்துவிடும் படம். அந்த மனிதர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வகுப்புப் பெற்றோர் குரூப்பில் போட்டார். இவர்தான் நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாரா என்று கீழே ஒரு கேள்வி வேறு.

திங்கட்கிழமை புகார் கொடுக்க வந்தார். மேடம் வரும்வரை என் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். போனில் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார், நகர்த்தினார், மறுபடியும் பெரிதாக்கினார். நடுவில் என்னைப் பார்த்து, “சீ, என்னம்மா அசிங்கம் இது” என்றார். விரல் நிற்கவில்லை.

பள்ளி நிர்வாகக் கமிட்டிக்கு அந்தப் படம் ஐந்து காப்பி வேண்டும் என்று மேடம் சொன்னார். பரீட்சைக் கேள்வித்தாளை கமிட்டி அறைக்கு அனுப்பும்போது பின்பக்கம் பென்சிலால் நம்பர் போடுவேன். கூட்டம் முடிந்ததும் நம்பர் பார்த்துத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவேன். இதற்கும் கை தானாக நம்பர் போட்டது.

டீ கொண்டுபோனபோது டீச்சர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“கடல்ல சேலை கட்டிக்கிட்டா சார் குளிப்பாங்க? என் வீட்டுக்காரர் எடுத்த போட்டோ. என் ஃப்ரெண்ட்ஸுக்குப் போட்டது.”

“தப்புன்னு நாங்க சொல்லலமா, பேரண்ட்ஸ் சொல்றாங்க” என்றார் கமிட்டியில் மூத்தவர். டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தாளைப் பார்த்துச் சொன்னார். டீச்சரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழில் நல்லவிதமாகப் போடுவோம் என்றார்கள். குரூப்பில் போட்டவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சர் மேஜை ஓரத்தில் குனிந்து, நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் தாள்களைச் சேர்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.

“சார், மூணாம் நம்பர் வரல.”

என் குரல்தான் அது. எனக்கே புதிதாக இருந்தது.

“ஃபைல்ல இருக்கும், பாரு” என்றார் மூத்தவர்.

“ஃபைல்ல இல்ல சார். உங்க பையில பாருங்க.”

மேடம் என்னை முறைத்தார். மற்றவர்கள் டீ டம்ளரைப் பார்த்தார்கள். மூத்தவர் பையைத் திறந்து டைரிக்குள்ளிருந்து எடுத்தார். நான்காக மடித்திருந்தது. மற்ற பேப்பரோடு சேர்ந்து வந்துவிட்டதாம். நான்காக மடித்துக்கொண்டு எந்தத் தாளும் தானாகச் சேர்ந்து வராது. ஓரத்தைப் பிடித்து வாங்கினேன். பாக்கு வாசனை அடித்தது. வெளியே வந்து ஐந்தையும் கத்தரியால் பொடிப்பொடியாக வெட்டினேன். அவர்கள்மேல் வந்த அருவருப்பில் கொஞ்சம் என் மேலும் இருந்தது. அச்சடித்த கை என்னுடையதுதானே.

இரண்டு வாரம் கழித்து பிரேசர் டவுனில் ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. டீச்சர் அங்கே விண்ணப்பித்திருந்தார். மேடம் இல்லாததால் நான் எடுத்தேன். பேசியது ஒரு பெண். பாடம் எப்படி நடத்துவார் என்று கேட்டார். கணக்கு என்றால் அழும் பிள்ளைகள்கூட அவர் வகுப்பில் கை தூக்குவார்கள் என்றேன். பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“ஏதோ போட்டோ மேட்டர்னு கேள்விப்பட்டோம். இருந்தா அனுப்புறீங்களா? முடிவு பண்ண ஈஸியா இருக்கும்.”

“இல்லைங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒரு பெண்ணும் அதே குரலில் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார்.

“அந்த ஸ்கூல்லேந்து பேசினாங்களா அக்கா?”

“பேசினாங்க மிஸ். எப்படிப் பாடம் நடத்துவீங்கன்னு கேட்டாங்க. நல்லா சொன்னேன்.”

“தேங்க்ஸ் அக்கா” என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி. மிச்சத்தை நான் சொல்லவில்லை.

அவர் ஒரு மாதம் காத்திருந்தார். அந்தப் பள்ளியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.