எறும்புக் கிண்ணம்

செம்பகத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் உலகம்மைக்குத்தான் ஆள் போகும். முப்பது வருஷமாக அப்படித்தான். பூதப்பாண்டி சிவகாமியம்மாளின் மூன்றாவது மகள் அவள். சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு விற்கும் திரவியத்துக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரம் வந்தவள். தெருவில் நாற்பது வீடு; யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுவரை அவளுக்கு மனப்பாடம்.

போன மழைக்குத் தெருவில் பதினோரு பேர் டெங்குவில் படுத்துவிட்டார்கள். வீடு வீடாக வரும் சுகாதாரத் துறை ஆஷா பணியாளர் லிபிதான் கோவில்காரர்கள், சர்ச்சுப் பெண்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கூட்டுக் கமிட்டி போட்டாள். கன்வீனராக ரோஸ் பேரை யாரோ சொல்ல, எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். சர்ச்சுப் பெண்களில் ஒருத்தியான ரோஸ் பாறசாலைப் பக்கத்துக்காரி. தெருவுக்கு வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை.

உலகம்மைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“நேத்து வந்தவ கன்வீனரு. நான் கைதட்டதுக்கா இருக்கேன்?”

“நீயும் தட்டினியா?” என்றார் திரவியம்.

“தட்டாம இருந்தா பொறாமைக்காரின்னு சொல்லமாட்டாளுவளா?”

அடுத்த கூட்டத்தில் ரோஸ், ஞாயிறுதோறும் அவரவர் வீட்டில் தேங்கிய தண்ணீரை அவரவரே பார்த்துக் கொட்ட வேண்டும் என்றாள். உலகம்மை எழுந்துவிட்டாள்.

“அப்போ ஒன் வீட்டை ஆரு பாப்பா? நீயேவா?”

லிபி அதைப் பிடித்துக்கொண்டாள். “சேச்சி பறஞ்சது கரெக்டு. கோவில்காரங்க சர்ச்சுக்காரங்க வீட்டைப் பாக்கட்டும். அவங்க இவங்க வீட்டை.”

கொசுப்புழு கண்ட வீட்டின் நம்பரை ஆட்டோ ஸ்டாண்டுப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவது என்றும் முடிவானது. உலகம்மை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ரோஸ் வீட்டு நம்பர் ஒரே ஒரு தடவை அந்தப் பலகையில் ஏறினால் போதும், மழை முடிந்து கூடும் கூட்டத்தில் கன்வீனரை மாற்றிவிடுவார்கள்.

கோவில்காரர் பக்கமிருந்து உலகம்மை மூன்று ஞாயிறு டார்ச்சும் கையுமாக ரோஸ் வீட்டைத் துழாவினாள். மணிபிளாண்ட் பாட்டில், சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எதையும் விடவில்லை. ஒரு புழுவும் இல்லை. ரோஸ் பால் விடாத கட்டன்சாயா நீட்டினாள். அதையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். அந்த ஆத்திரத்தோடு போனதால் மற்ற வீடுகளில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. எட்டு வீடுகளின் நம்பர் பலகையில் ஏறியது. காய்ச்சலும் குறைந்தது. தெரு என்ன சொன்னது? “ரோஸ் வந்த பொறவு தெரு நல்லா ஆச்சு.”

நாலாம் ஞாயிறு ரோஸே உலகம்மை வீட்டுக்கு வந்தாள். இதற்கு முன் வந்த சர்ச்சுப் பெண்கள் முற்றத்தோடு திரும்பிவிடுவார்கள். இவள் அடுக்களைக்குள் போய்க் குனிந்தாள்.

அம்மா சிவகாமியம்மாள் கல்யாணச் சீராகக் கொடுத்த பலகார அலமாரி அங்கே நின்றது. முறுக்குக்கு எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் கீழே நாலு கல்கிண்ணம், அதில் தண்ணீர். குறையக் குறைய ஊற்றுவாளே தவிர, உலகம்மை ஒரு நாளும் அதைக் கவிழ்த்ததில்லை. ரோஸின் டார்ச் வெளிச்சத்தில் நாலு கிண்ணத்திலும் புழுக்கள் நெளிந்தன.

பக்கத்து வீட்டு மீனு போன வாரம்தான் டெங்கு முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். உலகம்மையின் கண் அந்த வீட்டுச் சுவர்ப் பக்கம் போனது.

ரோஸ் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, நான் எழுதல்ல. கவுத்து, தேச்சுக் காயப்போடுங்க. ஆரும் அறியண்டாம்.”

அதைத்தான் உலகம்மையால் தாங்க முடியவில்லை. இனி ரோஸைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிய வேண்டுமே!

“எனக்கு மாப்புத் தர நீ ஆரு, பிள்ளே?”

ரோஸ் கையிலிருந்த சாக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்தாள். தன் வீட்டு நம்பரைப் பெரிதாக எழுதினாள்.

“உலகம்மையக்கா வீட்டிலயா? எதுல?” என்றான் ஆட்டோக்காரன் பிஜி.

“எறும்புக் கிண்ணத்துல.”

கேட்டு நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டு வேகமாக வீட்டுக்குள் போனார்கள். மத்தியானத்துக்குள் பதினான்கு வீட்டு வாசலில் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன.

மழை முடிந்து கூடிய கூட்டத்தில், எறும்புக் கிண்ணத்துப் புழுவைக் கண்டுபிடித்தவள் என்று ரோஸையே மறுபடி கன்வீனராக்கினார்கள். உலகம்மையும் கைதட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே ரோஸ் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

“அக்கா, போன வாரம்தானே பாத்தீங்க?”

“போன வாரம் போன வாரம். வழிய விடு,” என்று டார்ச்சை அடித்தாள் உலகம்மை.