தவறில்லாத நகல்கள்

காதலும் கடலுமாக வரைந்து பெயர்பெற்று மறைந்த ஓர் ஓவியரின் மகன், ராமநாதபுரத்தில், தந்தையின் படங்களுக்குப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குப் பத்து வரி விவரம் எழுத ஒரு மாணவி வேண்டுமென்று கேட்க, எங்கள் பேராசிரியை என்னைச் சனிக்கிழமைகளில் அனுப்பினார். அந்தி வெளிச்சம், கரையில் காத்திருக்கும் பெண், தொலைவில் பாய் விரித்த வத்தைப் படகு. எல்லாப் படங்களிலும் இவைதான். வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்தவற்றில் நகல்கள் கலந்திருந்தன. அவற்றிலும் ஓவியரின் கையெழுத்து இருந்ததால் எவை என்று தெரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை ஒன்றைக் கவனித்தேன். ஓவியரின் வீட்டிலேயே இருந்த படங்களில் பெண்ணின் முந்தானை இடப்பக்கம் பறக்க, வத்தையின் பாய் வலப்பக்கம் உப்பியிருந்தது. ஒரே காற்று இரண்டு பக்கம் வீசாது; ஓவியர் கடலறியாத ஊர்க்காரர். வெளியிலிருந்து வந்த ஏழு படங்களில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம். தவறில்லாதவையே நகல்கள் என்றேன்.

மகன் எழுந்துவிட்டார். "அடேங்கப்பா! முப்பது வருசமா பாக்குறேன், எனக்குத் தோணலையேம்மா. இது கடக்கரைக்காரன் வேலைதான். ஆளு மட்டும் தெரியட்டும், போலீசுல சொல்லிருவேன்."

தேவிபட்டினம் வீட்டுக்குத் திரும்பியதும் என்னைப் பெற்ற அய்யாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதுபவர். மண்ணெண்ணெயில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஏழுதான் வந்துச்சா? நான் ஒம்பது போட்டேன்."

"கையெழுத்துமாங்கய்யா?"

"லாட்ஜ்காரக அதோடதான் கேட்டாக. கையெழுத்து அப்படியே வந்துருச்சுத்தா. பாய மட்டும் அவரு போட்டாப்புல போடக் கை வரல. அப்படிக் கட்டுனா வத்தை எப்படிப் போகும்?"

"ஆமா, படத்துல ஏறி மீன்பிடிக்கப் போறாக!" என்றாள் அம்மா உள்ளிருந்து.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். போகாவிட்டால் காரணம் கேட்பார்கள். மகன் உற்சாகமாக இருந்தார்.

"உங்கய்யா படகுக்குப் பேரெழுதுறவராமே? உங்க மேடம் சொன்னாக. அப்ப இந்தத் தொழில்காரங்க எல்லாரையும் அவருக்குத் தெரியுமே. கூட்டிட்டு வாம்மா. படத்தப் பாத்தா யாரு கைன்னு சொல்லிருவாரு."

"கேட்டுப் பாக்குறேன் சார்."

நான்கு வாரங்கள் அய்யாவுக்கு வேலை இருப்பதாகச் சொன்னேன். ஏழு படங்களுக்கும் விவரம் எழுதி, தலைப்பில் 'நகல்' என்று குறித்தேன். ஐந்தாவது வாரம் மகன் சிரித்தார்.

"வேலையா இருக்கவர வரச்சொல்லித் தொந்தரவு பண்ண வேணாம். நானே படத்த எடுத்துக்கிட்டு வாரேன். எங்கன இருப்பாருன்னு மட்டும் எழுதிக் குடு."

தப்பான விலாசம் எழுத எனக்கும் கை வரவில்லை. சரியாகவே எழுதிக் கொடுத்தேன்.