இரண்டாவது வெடி

வாய் ஓயாமல் பேசியே பிழைத்த மனிதருக்கு அன்று காலையிலிருந்து பேச்சே வரவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதான் நடந்தது. விளையாட்டு மைதானத்து ஒலிபெருக்கியில் முப்பது வருஷம் அறிவிப்புச் சொன்னவர் அவர். மைக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயரை மின்சார ரசீதில்தான் பார்க்கலாம். அந்த வேலையை விட்டதும் அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் யூடியூபில் ஒரு விளையாட்டுச் சேனல் தொடங்கினார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று துண்டு துண்டாக வீடியோ போட்டுக்கொண்டிருந்தவருக்கு, முழுசாக ஒரு மணி நேரப் பேட்டி எடுத்துப் பார்க்க ஆசை வந்தது.

யாரைக் கூப்பிடலாம் என்று பார்ப்பவர்களையே கேட்டார். அங்கேதான் வம்பு பிடித்தது. "வெடியக்காவைக் கூப்பிடுங்க, அந்த நூறு மீட்டரைப் பத்திக் கேளுங்க" என்று ஆள் மாற்றி ஆள் எழுதித் தள்ளிவிட்டார்கள். அவர் பாதி படிக்கும்போதே போனைக் கவிழ்த்து வைத்தார்.

வெடியக்கா வாரம் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிறு ஆனால் ஓட்டப் பந்தயத்துக்குத் துப்பாக்கி தூக்குகிறவர். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர். ஒரு வெடி கேட்டால் ஓட வேண்டும். உடனே இரண்டாவது வெடியும் கேட்டால், யாரோ முந்திக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். எல்லாரும் திரும்பி வர வேண்டும், முந்தினவர் வெளியே போக வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய போட்டி. நூறு மீட்டர் இறுதி ஓட்டம். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பெண் நாலாவது தடத்தில் நின்றாள். வெடியக்கா இரண்டாவது வெடியை வெடித்து அவளை வெளியே அனுப்பினார். மைதானம் கொதித்துப் போனது. மைக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். இருப்பாரா? "அம்மாவுக்குக் கண்ணாடி மாத்துற நேரம் வந்துடுச்சு போல!" என்று மைக்கில் ஒரு போடு போட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "கண்ணாடி, கண்ணாடி" என்று கத்தித் தீர்த்தது. அந்தப் பெண் அடுத்த வருஷமே அதே ஓட்டத்தில் ஜெயித்துவிட்டாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அடிபட்டது வெடியக்காதான். பெரிய போட்டி எதற்கும் அவரைக் கூப்பிடுவது அதோடு நின்றது.

யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இதில் உண்டு. ஓடுகிறவர்களின் எண்களைப் படிக்க மைக்காரர் எப்போதும் கையில் பைனாகுலர் வைத்திருப்பார். அன்றைக்கு அவர் பார்த்துக்கொண்டிருந்தது நாலாவது தடத்தைத்தான். அந்தப் பெண்ணின் கால் அசைந்ததை அவரும் பார்த்தார். பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். கூட்டம் எதைக் கேட்க ஆசைப்படுகிறதோ அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. பாவி மனுஷன்!

இந்தப் பேட்டியிலாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு கட்டித்தான் வெடியக்காவுக்குப் போன் செய்தார். அந்தம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வரணும் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

மாடியில் இருந்தது அந்தப் போட்டோ ஸ்டுடியோ. மைக்காரரின் மச்சினி நடத்துவது. பாஸ்போர்ட் படத்துக்குத் தொங்கவிட்ட நீலத் துணிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். சத்தம் விழக்கூடாது என்று ஏசியை அணைத்தாயிற்று. கீழே சைக்கிள் கடைக்காரரிடம் போய், ஒரு மணி நேரம் சுத்தியலைத் தொடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டும் வந்தாயிற்று. வெடியக்கா சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே படியேறி வந்தார். அறுபதை நெருங்கும் வயது, முகத்தில் கண்ணாடி இல்லை. வந்ததும் வராததுமாக நாற்காலியைப் பிடித்து ஒரு முழம் தள்ளிப் போட்டார்.

"வெளிச்சம் நேரா கண்ல விழற இடத்துல நான் நிக்கறதில்லை," என்றார்.

காலையிலிருந்து வராத பேச்சு, கேமரா ஓடத் தொடங்கியதும் மைக்காரருக்கு வந்துவிட்டது. வந்தது என்றால், அணை உடைந்த மாதிரி வந்தது! மைதானத்தின் சரித்திரம், மழையில் நின்ற போட்டிகள், தன் தொண்டைக் கட்டு, அதற்குத் தான் குடித்த வெந்நீர் என்று எங்கெங்கோ சுற்றினார். ஒவ்வொரு கேள்வியும் மூன்று நிமிஷம். வெடியக்கா "ஆமாம்" என்பார், "இல்லை" என்பார். சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தின் பக்கம் போகாமல் இருக்கத்தான் இவ்வளவு பேச்சு என்பது மைக்காரருக்கு மட்டும் தெரியும். மச்சினிக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், இது உங்க பேட்டியா, அவங்க பேட்டியா? இருபது நிமிஷமா நீங்களே உங்களைப் பேட்டி எடுத்துக்கிட்டு இருக்கீங்க!"

வெடியக்கா வாய்விட்டுச் சிரித்தார். மைக்காரர் அசடு வழிந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"துப்பாக்கியைத் தூக்கினதும் எதைக்கா பார்ப்பீங்க?"

"முகத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தா பாவமா இருக்கும். விரலைப் பார்ப்பேன், அப்புறம் காலைப் பார்ப்பேன். ஒரு குழந்தை மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாலும் வெடிக்க மாட்டேன், எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லிடுவேன். ஆறு மாசமா விடிகாலைல எழுந்து ஓடிப் பழகியிருக்கும். என்னோட அவசரத்துல அது வீணாகலாமா?"

"பள்ளிக்கூடத்து ஓட்டத்துக்குமா இவ்வளவும்?"

"ஓடறவங்களுக்கு எல்லாமே பெரிய ஓட்டம்தானே தம்பி."

அதற்கு மேல் அந்தம்மாவைத் தூண்டவே வேண்டியிருக்கவில்லை. மழையில் வெடிமருந்து நனையாமல் இருக்க மடியில் பொத்தி வைத்தது, வெடிச் சத்தத்தில் வலது காது மந்தமானது, காது கேளாத குழந்தைகள் ஓடின அன்று துப்பாக்கியை வைத்துவிட்டு அவர்கள் கண் முன்னால் கொடியை அசைத்தது. எதையும் பெருமையாகச் சொல்லவில்லை, நேற்றுச் சந்தைக்குப் போய் வந்த மாதிரி சொன்னார். கேமராவுக்குப் பின்னால் மச்சினி வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தியை ஊர் எவ்வளவு சுலபமாக ஓரம் கட்டிவிட்டது!

"ஒண்ணு சொல்லவா?" என்றார் வெடியக்கா. "முப்பது வருஷத்துல ஒரு ஓட்டத்தோட முடிவைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாரும் சரியா கிளம்பினதைப் பார்த்ததும் குனிஞ்சு அடுத்த ஓட்டத்துக்குத் தோட்டாவைப் போடணும். யார் ஜெயிச்சாங்கன்னு உங்க குரலைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிக்கை."

மைக்காரர் குனிந்து அடுத்த கேள்வியைத் தேடினார். கையிலிருந்த காகிதத்தில் இருபத்தோரு கேள்வி தாண்டி, கடைசியில் 'அந்த ஓட்டம்' என்று சிவப்பில் எழுதியிருந்தார். காகிதத்தை நாலாக மடித்தார்.

"அதைக் கேக்கத்தானே கூப்பிட்டீங்க?" என்றார் வெடியக்கா. "நானே சொல்லிடறேன். கால் அசைஞ்சதைப் பார்த்தேன்னுதான் வெடிச்சேன். ஆனா நீங்க மைக்ல கண்ணாடின்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மறுவாரமே கண் டாக்டர்கிட்ட போனேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டார். அப்பவும் மனசு ஆறலை. வருஷா வருஷம் போறேன், பன்னிரண்டு தடவை ஆச்சு. ஒரு பொண்ணோட ஓட்டத்தை அநியாயமா கெடுத்துட்டேனோன்னு."

அவர் குரலில் கோபம் ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் மைக்காரர் தப்பித்திருப்பார். கூட்டம் அவர்மேல் எந்தப் பழியும் போடவில்லை, அந்தம்மாவும் போடவில்லை. பன்னிரண்டு வருஷமாக எல்லாப் பழியையும் அந்தம்மாவே தன் கண்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். மைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அக்கா, நானும் பார்த்தேன்," என்றார்.

"என்னத்தை?"

"அந்தப் பொண்ணு கால் அசைஞ்சதை. பைனாகுலர்ல பார்த்தேன். பார்த்துட்டேதான் அப்படிச் சொன்னேன். கூட்டம் சிரிக்கட்டும்னு சொன்னேன்."

ஏசி இல்லாத அறையில் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியதைக்கூட மைக்காரர் துடைக்கவில்லை. வெடியக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மடித்த காகிதத்தைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கால்?" என்று கேட்டார்.

"வலது கால். பின்னாடி வச்சிருந்தது. கால் ஊனுற கட்டைல இருந்து குதிகால் எழும்பிச்சு. அதுக்கப்புறம்தான் முதல் வெடி கேட்டுது."

வெடியக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"வலதுதான்," என்றார். பிறகு இன்னொரு தடவையும் சொன்னார், "வலதுதான்." மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லியிருக்கணும்க்கா."

மன்னிப்பு என்று அவர் ஏதோ தொடங்கியதை வெடியக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சினியின் பக்கம் திரும்பினார்.

"இது பதிவாகுதாம்மா?"

"ஆகுதுக்கா. வேணாம்னா எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும்." பையைத் திறந்து போனைத் தேடினார். "ஒரு நிமிஷம் பொறுங்க தம்பி. செவ்வாய்க்கிழமைக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன். வரலைன்னு சொல்லிடறேன்."