ராசியான ஆறாம் நம்பர்

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் ஏஜென்சியின் கம்ப்யூட்டர்களைப் பார்ப்பது என் வேலை. வீடு வெள்ளவத்தை. நடுவில் ஆமி செக்பொயின்ட். ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் விடியும்வரை வைத்திருந்தார்கள். அதன்பிறகு நான் திரும்பி வரும்வரை மனைவி கேற்றடியில்தான் நிற்பாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

முதலாளியிடம் கேட்டேன்.

"வீட்டிலயிருந்து வேலை நடந்தா எனக்கென்ன? நடக்காட்டி நீர் வரத்தான் வேணும்."

ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் வீபிஎன் போட்டேன். இன்டர்நெட்டுக்குள்ளால் ஏஜென்சிக் கந்தோருக்கு மட்டும் போகிற தனிப்பாதை அது. கனெக்ட் ஆகிவிட்டது என்று திரை சொன்னது. கந்தோர்க் கோப்புகள் இருக்கிற சேவரோ வாயே திறக்கவில்லை.

ரூட்டிங் டேபிளை எடுத்துப் பார்த்தேன். எந்த விலாசத்துக்கு எந்த வழியால் போவது என்று கம்ப்யூட்டர் அதில் எழுதி வைத்திருக்கும். 192.168.6 என்று தொடங்குவதெல்லாம் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று ஒரு வரி. கந்தோர் சேவரும் 192.168.6 தான். கொட்டாஞ்சேனைச் சேவரை அது வெள்ளவத்தை வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தது.

முதலாளி நம்பர் பார்க்கிற சாத்திரியாரைக் கேட்டு, வான், டெலிபோன் எல்லாம் ஆறில் முடிகிற மாதிரி எடுத்தவர். நெட்வேர்க்குக்கும் ஆறு. எங்களுக்கு இன்டர்நெட் லைன் தந்த மேல்மாடி வீட்டுக்கார அங்கிளும் அதே சாத்திரியாரிடம் போகிறவர்; இங்கேயும் ஆறு. இரண்டில் ஒன்றை மாற்றச் சொல்லி இருவரையும் கேட்டேன்.

"ஆறை மாத்தினா எனக்குக் கப்பல் வராது" என்றார் முதலாளி.

"தம்பி, ஆறு போட்டாப் பிறகுதான் மகளுக்குக் கனடா விசா வந்தது. இன்னும் மகன் இருக்கிறான்" என்றார் அங்கிள்.

விசர்க் கூட்டம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கத்தாதேங்கோ. வேற வழி பாருங்கோ" என்றாள் மனைவி.

இருந்தது. பொதுவாக எழுதிய வரியையும் குறிப்பாக எழுதிய வரியையும் கண்டால் கம்ப்யூட்டர் குறிப்பானதற்குத்தான் கீழ்ப்படியும். சேவரின் முழு விலாசத்தைத் தனி வரியாகச் சேர்த்து, இது மட்டும் தனிப்பாதையால் போகட்டும் என்றேன். சேவர் உடனே பதில் தந்தது. இரண்டு ஆறும் அப்படியே இருந்தன. மனைவி அழுதேவிட்டாள். நான் வயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் நிம்மதியாகச் சாப்பிட்டோம். பிறகு முதலாளி போன் எடுத்தார்.

"நீர் கெட்டிக்காரன்தான் ஐசே! நாளைக்கு ஒருக்கா வந்து மற்ற ஆக்களுக்கும் போட்டுக்குடும்."

போனேன். செக்பொயின்டில் ஆமிக்காரன் பஸ்ஸுக்குள் ஏறி என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தான். விலாசம் வெள்ளவத்தை, கொழும்பு ஆறு. தொழில் கம்ப்யூட்டர். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவனும் ஒரு வரிக்குத்தான் கீழ்ப்படிந்தான்.

"பஹின்ன" என்றான் சிங்களத்தில். இறங்கினேன்.

அன்றைக்கு அவளைக் கேற்றடியில் நிற்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.