ஒரு கல்லடியை மட்டும் விட்டுவைத்தேன்

1. சாவி தராத மனிதர்

வொர்க்‌ஷாப்புக்குள் வண்டியை விட்டதும் எல்லோரும் சாவியை மேசையில் வைத்துவிடுவார்கள். சவேரி அண்ணாச்சி வைக்கவில்லை. உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யம்மா, இந்தப் புள்ளி எல்லாம் போயிருமா?"

எட்டிப் பார்த்தேன். முத்து வெள்ளைக் கார். பானட்டின் முன்விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக மஞ்சள் கட்டிகள்.

தூத்துக்குடியில் துறைமுக ரோட்டுப் பக்கம் ஒரு பாடி ஷாப்பில் பெயிண்ட் கலக்குவது என் வேலை. பில் போட வந்தவள் நான். கலர் மெஷினுக்கு ஆள் வராத ஒரு நாள் போய் உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போது 'கலர் செல்வி' என்றால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குச் சட்டென்று கோபம் வரும், அதுவும் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கல்லடி என்றால் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னால் போகும் ஜல்லி லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறிக்கும். பானட்டில் கொத்தும். கிளியர் கோட், கலர், பிரைமர் எல்லாம் பெயர்ந்து தகரம் தெரியும். வேறு ஊரில் அது அழகுக்கு ஒரு குறை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் காற்றே உப்பு. கடுகு அளவு இடம் கிடைத்தாலும் துரு உள்ளே புகுந்து பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்துகொண்டு போகும்.

"அண்ணாச்சி, இதுல என்னத்த அப்பி வச்சிருக்கிய?"

"வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளப் பெயிண்டுதான். வெயில்ல மஞ்சளாயிட்டு. கடல்லயே நிக்கிற பெயிண்டு, ரோட்டுல நிக்காதா?"

"நல்லாத்தான் நிக்கி. வெள்ளப் பல்லுல வெத்தலக் கறை கணக்கா நிக்கி. பூசுறதுக்கு முன்னால எதக்கொண்டு கழுவுனிய?"

"புன்னைக்காயல்ல எங்க வீட்டு போர்த் தண்ணிதான்."

"புன்னைக்காயல் போர்த் தண்ணியா? வெளங்குனாப்லதான். கருவாடு போடுத மாதிரி உப்ப உள்ள வச்சு மூடியிருக்கிய!"

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"எம்மவ ஸ்டெல்லா நாளன்னைக்கு வாரா தாயி. குவைத்துல நர்ஸு. வண்டி அவ வாங்கிக் குடுத்தது. 'லாரிக்குப் பின்னால ஒட்டிட்டுப் போனியன்னா சாவிய வாங்கிருவேன்'னு சொல்லிட்டுப் போனவ. இந்தப் புள்ளியப் பாத்தா சாவியப் புடுங்கிருவா."

பேசப் பேசத்தான் விஷயம் புரிந்தது. அண்ணாச்சி வள்ளத்தில் கடலுக்குப் போனவர். இடது முட்டி தேய்ந்துபோய், ஆடுகிற வள்ளத்தில் காலூன்ற முடியாமல் ஆனது. வள்ளத்தைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்திருக்கிறார். மகள் யோசித்து ஆட்டோமேட்டிக் வண்டியாக வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கிளட்ச் கிடையாது, வலது கால் போதும். அன்றிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் உப்பளத்து வழியாகத் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறார்.

"அங்கன என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. கப்பல் நிக்கும். பாத்துட்டு வருவேன்."

"மவகிட்ட இதெல்லாம் சொல்லுவியளா?"

"சொன்னா திட்டுவா. வண்டி செட்டுல பத்திரமா நிக்கி, துணி போட்டு மூடி வச்சிருக்கேன், எப்பவாவது தம்பி மவன் சின்னவன் எடுப்பான்னு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. அந்தச் சாவி போனால் மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்க்கப் போய்விடுவார்.

2. உப்பளத்து வெளிச்சம்

முதலாளி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "முழு பானட்டையும் அடிச்சு விட்டுரு செல்வி. சோலி முடிஞ்சுது."

"மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தச் சொல்லுதியளா?" என்றேன்.

முத்து வெள்ளை லேசுப்பட்ட கலர் இல்லை. அடியில் வெள்ளை, அதன் மேல் முத்துத் தூள் கலந்த ஒரு கோட், அதற்கும் மேலே நிறமே இல்லாத கிளியர். பானட்டை மட்டும் அடித்தால் பக்கத்தில் டயருக்கு மேலே இருக்கிற ஃபெண்டர் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போலத் தெரியும். அதற்கும் சேர்த்து அடிக்க வேண்டும், பிறகு கதவுக்கும். ஒருமுறை சுரண்டிப் போட்டால் கம்பெனி பெயிண்ட் திரும்ப வராது. முதலாளி முனகிக்கொண்டே போனார்.

முதலில் வண்டியை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவினேன். வள்ளத்துப் பெயிண்டைத் தின்னர் தொட்ட பஞ்சால் இளக்கி, பிளாஸ்டிக் பிளேடால் ஒவ்வொன்றாக வழித்தேன். நினைத்தது போலவே அடியில் செம்மண் நிறத்தில் துரு. ஊசி முனையால் அதைச் சுரண்டி, துரு மருந்து வைத்து, பல்குச்சி நுனியில் பிரைமர் தொட்டு வைத்தேன். பிரஷ்ஷால் தடவினால் மேடு கட்டும். பல்குச்சி என்றால் பள்ளத்துக்குள் மட்டும் இறங்கும். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிறவர்களுக்கு இந்த வேலை வராது.

அப்புறம் கலர். எனக்குப் பிடித்த இடம் இதுதான். முத்துக் கோட்டைக் கலக்கிக் கரண்டியில் தூக்கிச் சொட்டவிட்டால், அது விழுகிற நேரத்துக்குள் வெள்ளையாக இருந்தது இளஞ்சிவப்பாகி, நீலம் காட்டி, மறுபடியும் வெள்ளையாகிவிடும். பார்த்துக்கொண்டே இருப்பேன். யாராவது கூப்பிட்டால் எங்கிருந்தோ திரும்பி வருகிற மாதிரி இருக்கும். வீட்டில் கண்ணை மூடினாலும் அந்தச் சொட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னால் முதலாளி, "தின்னர் மணத்துக்கு அப்படித்தான் இருக்கும், மாஸ்க்கப் போடு" என்பார்.

கம்பெனியின் கலர் கோடு நம்பர்படி கலந்து அட்டையில் அடித்துப் பார்த்தேன். டியூப் லைட்டில் பொருந்தியது. ஆனால் டியூப் லைட்டை நம்பக் கூடாது. எங்கள் ஊரில் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உப்பளத்துப் பக்கம் போனால் பாத்திகளில் பட்டுக் கீழேயிருந்தும் வரும். அந்த வெளிச்சத்துக்கு ஒளித்து வைக்கத் தெரியாது. அதனால் அட்டையை அங்கே கொண்டுபோய்ப் பார்ப்பது என் வழக்கம்.

சாவியைத் தர மனசில்லாததால் மறுநாள் காலையில் அண்ணாச்சியே வண்டியை ஓட்டினார். நான் பக்கத்தில். இடது காலை வாகாக நீட்டிக்கொண்டு, கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி வந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் கிடந்தது. வண்டி எதன் மேல் போகிறது என்றே தெரியவில்லை. எனக்குக் கண் சொக்கியது.

முன்னால் ஒரு ஜல்லி லாரி வந்து சேர்ந்தது. அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முந்திருவோமா?"

"அண்ணாச்சி! கால எடுங்க! அவன் டயர் இடுக்குல கல்லு தெரியுதா, இல்லையா?"

"தெரியுது."

"தெரிஞ்சா நீங்க ரொம்பப் பக்கத்துல நிக்கிய. அது தெரியாத தூரத்துக்கு வாங்க. ஒங்க வண்டிக்கு ஃபிலிம் ஒட்டுங்க, மட் ஃபிளாப் மாட்டுங்க, என்னத்தையும் செய்யுங்க. இத விட்டா ஒண்ணும் காப்பாத்தாது."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பின்வாங்கினார்.

பாத்திக் கரையில் வண்டியை நிறுத்தி, பானட்டில் அட்டையை வைத்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் சரி. குனிந்து பார்த்தால் என் அட்டை குளிர்ந்து தெரிந்தது, பானட்டில் லேசாக ஒரு மஞ்சள். வெயில் தின்ற வண்டி. மஞ்சளில் இன்னும் ஒரு சொட்டு வேண்டும். அண்ணாச்சியும் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"சிப்பி உள்பக்கம் இப்படித்தான் தாயி. சாய்ச்சா ஒரு கலரு, நிமித்துனா ஒரு கலரு."

அப்படிக் குனிந்தபோதுதான் பம்பரின் அடியில், நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு புள்ளி கண்ணில் பட்டது. நீலம். பட்டாணி அளவில் மேடு கட்டிய அப்பட்டமான நீலம்.

"இது என்ன கூத்து?"

"வெள்ள தீந்துபோச்சு," என்றார் வெட்கத்தோடு. "வள்ளத்து நீலம் கொஞ்சம் டின்னுல கெடந்துது. நானே கலந்த நீலம். கீழ யாரு பாக்கப் போறா?"

நல்ல நீலம். என் மெஷினில் எந்தக் கலர் கோடு நம்பரிலும் அப்படி ஒன்று கிடையாது.

அன்றே திரும்பி வந்து கலரைச் சரிசெய்து, முத்துக் கோட்டும் கிளியரும் வைத்து, காய்ந்த பிறகு தண்ணீர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பாலிஷ் அடித்தேன். பானட்டில் கையை வைத்துத் தடவினால்கூடத் தட்டுப்படவில்லை. அந்த நீலத்தை மட்டும் தொடவில்லை.

"அதையும் எடுத்துரு தாயி."

"முடியாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாவ. நான் முழுசாத் தொடச்ச வண்டில ஒரு கல்லடிய திருஷ்டிக்குன்னு விட்டுருவேன். பம்பரு பிளாஸ்டிக்கு, துருப் பிடிக்காது."

"நாங்க வேதக்காரங்கள்லா, மாதா கோயிலுக்குப் போறவங்க. திருஷ்டி எல்லாம் பாக்க மாட்டோம்."

"கண்ணு வேதம் பாத்தா படுது?"



3. ஸ்டெல்லா

அந்த வாரம் முடிவதற்குள் வண்டி திரும்பி வந்தது. ஓட்டி வந்தது மகள். சாவி அவள் கையில் இருந்தது. பின்னால் அண்ணாச்சி காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. 'அய்யோ, என்னத்தையோ கண்டுபிடிச்சிட்டா' என்று எனக்குத் திக்கென்றது.

"நீங்கதான் கலர் அக்காவா? இதுல கல்லடி இருந்துச்சு, நீங்க சரி பண்ணிக் குடுத்தியன்னு அப்பா சொல்லுதாவ. உண்மையா?"

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் 'ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு' என்பது போலத் தலையை ஆட்டினார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மறைக்க வந்தவர் எதற்கு இப்போது சாட்சிக்கு ஆள் தேடுகிறார்?

"உண்மைதான். ஏன் கேக்க?"

"நீங்களும் சேந்து பொய் சொல்லாதீங்க." அவள் பானட்டைத் தடவிக் காட்டினாள். "இந்த ரோட்டுல ஓடுன வண்டியா இது? கண்ணாடி மாதிரி இருக்கு. துணி போட்டு மூடி வச்சிருக்கேன்னு போன்ல சொன்னப்ப, வெளையாட்டுக்குச் சொல்லுதாவன்னு நெனச்சேன். நெசமாவே மூடித்தான் வச்சிருக்காவ. மீட்டர் ஓடியிருக்கு, அது சின்னவன் வேற ஊருக்கு ஓட்டுனது. எங்கப்பா அந்தக் கட்டில்லயே கெடந்திருக்காவ அக்கா. அதுக்கா நான் அங்கன கெடந்து கஷ்டப்பட்டேன்? இத வித்துருதேன். பாக்கப் பாக்க வயிறு எரியுது."

கோபக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அப்பன் மறைத்தது, மகள் பார்க்க ஆசைப்பட்ட அதே புள்ளிகளை. அதைத்தான் நான் ஒன்றுவிடாமல், இல்லை, ஒன்றை மட்டும் விட்டு, துடைத்துப் போட்டிருக்கிறேன்.

"ஸ்டெல்லா, இங்கன வா. குனிஞ்சு பம்பருக்கு அடில பாரு."

அவள் தரையில் முட்டிபோட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் அந்த நீலத்தைத் தொட்டாள். 

"நம்ம வள்ளத்து நீலம்லா இது," என்றாள் கீழேயிருந்தே. "வள்ளத்துக்குச் சின்னவன் பச்சை அடிச்சிட்டான். இந்த நீலம் அப்பா டின்னுல மட்டுந்தான் இருக்கு."

"சின்னவன் ஓட்டி அடிபட்டிருந்தா ஒங்கப்பா என்ன செஞ்சிருப்பாவ?"

"ஊரக் கூட்டியிருப்பாவ." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பெயிண்ட் அடிச்சு ஒளிச்சிருக்காவன்னா, அது இவுக வாங்குன அடிதான். யப்பா, எங்கன போனிய?"

"துறைமுகம் வர. கப்பல் பாக்க."

"தெனமுமா?"

"மழ பெய்ஞ்சா போவ மாட்டேன்."

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் போய், சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள். "இனிமே போன்ல பொய் சொன்னியன்னாத்தான் புடுங்குவேன்," என்றாள். போகும்போது அண்ணாச்சிதான் ஓட்டினார்.

கல்லடிக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது கலர் கோடு கேட்பதற்கு முன்னால், "யார் கண்ணுல படக் கூடாது?" என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பெயிண்டைப் பற்றி இந்த வேலை எனக்குச் சொல்லித்தந்தது நிறைய. மனுஷரைப் பற்றிச் சொல்லித்தந்தது இந்த ஒன்றுதான்.

கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு அண்ணாச்சி ஒருநாள் வந்தார். இந்த முறை சாவியை அவராகவே மேசையில் வைத்தார். பானட்டின் நடுவில் புதிதாக ஒரு கல்லடி, பளிச்சென்று.

"தூரமாத்தான் போனேன் தாயி. காத்து கொண்டாந்து அடிச்சிட்டு."

"சரி, இருங்க, கலர் எடுக்கேன்."

"கலரு வேண்டாம். துருப் பிடிக்காம மட்டும் பாத்துக்கோ. அடுத்த லீவுக்கு வரும்போது அவ பாக்கட்டும்."

ஊசியால் சுத்தம் செய்து, வெறும் கிளியரை மட்டும் ஒரு சொட்டு வைத்தேன். புள்ளி அப்படியே தெரிந்தது.